பூசையறைக் கூட்டறிக்கை

காலை ஒன்பதரைக்கு, லண்டன் பிளேஸ்டோவில் உள்ள வீட்டின் சாப்பாட்டு மேசையில், கழுத்துப்பட்டி கட்டி, கோட்டும் போட்டு சிவானந்தன் உட்கார்ந்திருந்தார். கணினித் திரையில் கருமணற்துறை நகரசபையின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே நேரம் பிற்பகல் இரண்டு மணி. சபை மண்டபத்தின் ஜன்னலுக்கு வெளியே கடல் பளபளத்தது.

அன்றைய விடயம் ஒன்றே ஒன்றுதான். வைத்திலிங்கம் வீதியின் பெயரைக் கடற்கரை வீதி என்று மாற்றுவதா, விடுவதா? வைத்திலிங்கம் சிவானந்தனின் தகப்பனார். அறுபதுகளில் அதே சபையின் தலைவராக, தவிசாளராக, இருந்தவர்.

போன மாதம் சிவானந்தன் பெயர் மாற்றத்தை எதிர்த்துச் சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வீதிக்குப் பெயர் சூட்டிய தீர்மானம், தம் வசம் உள்ள 1966ஆம் ஆண்டுக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் இருப்பதாகத் தலை நிமிர்ந்து எழுதினார். சபைக் கட்டடம் எரிந்தபோது தப்பியது தகப்பனார் வீட்டில் வைத்திருந்த அந்த ஒரு புத்தகம்தான். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அது பூசையறையில் இருந்தது. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் சந்தனம் பூசிப் பூ வைத்தார்கள். ஒருவரும் திறந்து வாசித்ததில்லை. பெயர்ப்பலகை நட்ட சித்தப்பா, "சபைத் தீர்மானம்" என்று சொன்னதே எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

நேற்றுப் பின்னேரம்தான் சிவானந்தன் அதைத் திறந்தார்.

"ஐயா, அந்தப் பக்கத்தை ஒருக்கா வாசிப்பியளோ?" என்றார் தவிசாளர் பிரியந்தி. "தீர்மானம் இருந்தால் பேரில கை வைக்க மாட்டம்."

"இருந்தால்தானே!" என்று சிரித்தான், பெயர் மாற்றத்தை முன்மொழிந்த உறுப்பினர் நிருஜன். "லண்டனில இருந்துகொண்டு எங்கடை ஊருக்குப் பேர் வைக்கினம். ஐயா, இஞ்ச மழைக்கு அந்த வீதியில தோணிதான் ஓடுது. தெரியுமோ?"

சிவானந்தனின் காது மடல் சூடேறியது.

திரையில் தெரியாத இடத்தில் நின்ற மனைவி செல்வமலர் அவர் தோளைத் தொட்டார். "இஞ்சேருங்கோ," என்றார், உதடு அசையாமல். "லைன் கட்டாயிட்டுது எண்டு சொல்லுவம். ஆர் வந்து பாக்கப்போகினம்?"

உண்மைதான். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. புத்தகத்தை மூடிவைத்தால் பலகை நிற்கும். அப்பாவின் பெயரும் நிற்கும். அவருடைய விரல் லப்டொப்பின் மூடியைத் தொட்டு நின்றது.

"ஐயா, கேக்குதோ?" என்றார் பிரியந்தி.

"கேக்குது."

புத்தகத்தைப் பிரித்தார். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடசாலை மேடையில் நிற்பவர் போல வாசித்தார்.

"தீர்மானம் பதினான்கு. இச்சபையின் அங்கத்தவர் எவரது பெயரும், அவர் உயிரோடிருக்கையிலோ இறந்த பின்னரோ, எந்த வீதிக்கும் சூட்டப்படலாகாது. முன்மொழிந்தவர்..."

செல்வமலர் கையை எடுத்துவிட்டார்.

"முன்மொழிந்தவர், தவிசாளர் சி. வைத்திலிங்கம். ஏகமனதாக நிறைவேறியது."

நிருஜனின் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"அப்ப ஐயா," என்றான் மெல்ல, "எதிர்ப்பை வாபஸ் வாங்கிறியளோ?"

"என்ரை அப்பா கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்க்க நான் ஆர், தம்பி? பலகையைக் கழட்டுங்கோ. ஆனால் ஒண்டு. இது உம்மடை யோசனை எண்டு எழுதப்படாது. முதல் சொன்னவர் ஆரெண்டு கூட்டறிக்கையில விழவேணும்."

"எழுதுவம் ஐயா," என்றார் பிரியந்தி.

"எழுதிப்போட்டு வாசியுங்கோ. நான் இருக்கிறன்."

செயலாளர் எழுதத் தொடங்கினார். செல்வமலர் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. முதுகு நாற்காலியில் படாமல் சிவானந்தன் காத்திருந்தார்.