துடைப்பம் முன்னால் போன நாள்

மலை உச்சி என்றால் எங்கள் சைக்கிள் சங்கத்தில் மற்றவர்களுக்கெல்லாம் காற்று, காட்சி, ரொட்டிக்குள் வைத்த உப்புக்கறி. எனக்கு அது ரெஜிஸின் மூஞ்சி. நான் மூச்சு வாங்க மேலே வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவேன். அதுவரை புல்லில் சாய்ந்து கிடந்த கூட்டம் முதுகில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழும். எங்கள் பயணத் தலைவன் ரெஜிஸ் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே சொல்வான்: "வந்தாச்சா ஆர்லெத்? சரி, கிளம்பலாம்."

பத்துப் பதினோரு வருஷமாக இதே பாட்டுதான். முன்னால் வந்தவர்கள் ஓய்வெடுத்து, சாப்பிட்டு, படமும் எடுத்து முடித்திருப்பார்கள். கடைசியாக வந்தவளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது. ஏனென்றால் கடைசி ஆள் வந்துவிட்டால் காத்திருப்பு முடிந்தது என்று அர்த்தம்.

கடைசியாக வருபவருக்கு எங்களிடம் துடைப்பம் என்று பெயர். கூட்டத்திலேயே மெதுவாக மிதிப்பவருக்கும் பின்னால் வந்து, சிந்தியதையும் சிதறியதையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டு வருவது அதன் வேலை. சாலை வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேலங்கிதான் அதன் அடையாளம். துடைப்பம் வராமல் எந்தத் திருப்பத்திலிருந்தும், எந்த உச்சியிலிருந்தும் யாரும் நகரக் கூடாது. இது சங்கத்தின் முதல் விதி. அந்த மேலங்கியை முதல் வருஷம் ஒருநாள் அவசரத்துக்கு வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு யாரும் திருப்பிக் கேட்கவே இல்லை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வேலையிலும் கடைசிப் பிள்ளைக்காகக் காத்திருப்பவள்தானே, இவளுக்கு இதெல்லாம் பழக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் மெதுவாக மிதிப்பவள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மெதுவாக மிதிப்பவர் ஃபெர்னான். எழுபதைத் தாண்டியவர், மருந்துக்கடை வைத்திருந்தவர். மாட்டைக் கண்டால் நிற்பார், தேவாலயத்தைக் கண்டால் நிற்பார், வேலி முட்செடியில் பழம் கறுத்திருந்தால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேயப் போய்விடுவார். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நான் நிற்பேன். கால் துருதுருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஊரில், லுவார் ஆற்றங்கரையில் எங்கள் சங்க அறைச் சுவரில் ஒவ்வொரு வருஷப் பயணத்துக்கும் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அந்த வருஷம் ஏறிய பெரிய உச்சியின் பெயர்ப்பலகை, அதைச் சுற்றிப் பச்சைச் சட்டைகள், சிரிப்பு. ஒன்றிலும் நான் கிடையாது. என் பேத்தி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "பாட்டி, நீ நெஜமாவே இந்தச் சங்கத்துல இருக்கியா?" என்று கேட்டாள். குழந்தைதான், விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அது என்னைக் குத்தியது. சாவதற்குள் ஒரு படத்திலாவது நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த வருஷம் கந்தால் மலை நாடு. சாலை ஏறும் பெரிய உச்சி பெய்ரோல் கணவாய். அதற்கு முதல்நாள் சலேர் ஊரில் தங்கினோம். அன்று பகலில் ஃபெர்னான் ஒரு கன்றுக்குட்டியோடு அரைமணி நேரம் பேசினார். நாங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் குளித்து, உடை மாற்றி, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுக் கிளறிய வாணலியைப் பாதி காலி செய்திருந்தார்கள். ரெஜிஸ் தலை நிமிராமலே, "வந்தாச்சா?" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேலங்கியைக் கழற்றி அவன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"நாளைக்கு நான் இதைப் போட மாட்டேன். வேற ஆளைப் பாரு."

"ஏம்மா, என்ன ஆச்சு இப்போ?"

"ஒண்ணும் ஆகல. இத்தனை வருஷமா ஒண்ணுமே ஆகல, அதான் பிரச்சினை. நாளைக்கு மலை உச்சிக்கு என் வேகத்துல ஏறப் போறேன். படத்துல நிக்கப் போறேன்."

எல்லோரும் தட்டுக்குள் குனிந்துகொண்டார்கள். கூட்டத்தில் சின்னவளான பள்ளிக்கூட டீச்சர் நதேஜ் மட்டும், "நியாயந்தானே! ரெஜிஸ், நீயே ஒரு நாள் துடைப்பமா இருந்து பாரேன்," என்றாள்.

ரெஜிஸுக்கு மூன்றாவது கோப்பை ஒயின் உள்ளே போயிருந்தது. பெரிய மனசு வந்துவிட்டது. எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தான். "நாளைக்கு நான்தான் துடைப்பம். ஆர்லெத், நீ ராணி மாதிரி முன்னாடி போ!" எல்லோரும் கைதட்டினார்கள். ஃபெர்னான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சேர்ந்து கைதட்டினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை எல்லோரும் ரொட்டிக்கடை வாசலில் மொய்த்திருந்தார்கள். ரெஜிஸின் சைக்கிளில் முன்பக்கம் மாட்டியிருந்த பைக்குள், மழைக்கோட்டுக்குப் பக்கத்தில், ஆரஞ்சு மேலங்கியை மடித்து வைத்தேன். அவன் கடைக்காரம்மாவிடம் மேகத்தைக் காட்டி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தான். வாயில் பாதி குருவாசான் ரொட்டி.

"ரெஜிஸ், துடைப்பம் உன் பையில இருக்கு. நான் கிளம்பறேன். எங்கேயும் நிக்க மாட்டேன். மேல பாக்கலாம்."

அவன் என்னைப் பார்க்காமலே கையை ஆட்டினான். தலைவன் சரி என்றுவிட்டான் என்று நான் கிளம்பினேன்.

அந்தக் காலை நேரத்தை எப்படிச் சொல்வது! முன்னால் யார் முதுகும் இல்லை. யாருக்காகவும் பிரேக் பிடிக்க வேண்டியதில்லை. நேரோன் கணவாய் வந்தது. பாதி வழியில் இருக்கும் சின்னக் கணவாய் அது, இப்படிப்பட்ட இடத்தில்தான் கூட்டம் எப்போதும் நின்று சேர்ந்துகொள்ளும். நிற்காமல் கடந்தேன். கடைசி ஏற்றம் ஆளைக் கொல்லும். தொடை எரிந்தது, நாக்கு வெளியே வந்தது, இரண்டு இடத்தில் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஆனால் திட்டியது சாலையைத்தான், மனுஷரை இல்லை. அதுவே பெரிய மாறுதல். மேலே பலகையைத் தொட்டபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது.

பிறகு காத்திருந்தேன். முதல்முறையாக நானும் புல்லில் சாய்ந்து கிடந்தேன், நானும் ரொட்டியும் உப்புக்கறியும் தின்றேன். நதேஜ் எப்படியும் சீக்கிரம் வந்துவிடுவாள் என்று சாலையையே பார்த்தேன். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். பச்சைச் சட்டை ஒன்றையும் காணோம். போனில் சிக்னல் கோடே இல்லை. வியர்வை ஆறி முதுகு சில்லிட்டது. மேற்கே மேகம் கறுத்து, பக்கத்து மலையை மூடிக்கொண்டு வந்தது. ஒரு டச்சுத் தம்பதி படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், என் ஆட்கள் வருவார்கள் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் பாலாடைக்கட்டி விற்கும் வேன்காரர் ஒருவர் கீழேயிருந்து வந்து இறங்கினார். என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதே பச்சைச் சட்டை போட்ட கும்பல் ஒண்ணு கீழ நேரோன்ல நிக்குதே. வயசான அம்மா ஒருத்தரைக் காணோமாம். எங்கயாவது பள்ளத்துல கிடக்கப் போறாங்கன்னு ஒரே கலவரம்."

"எந்த வயசான அம்மா?"

"பேர் என்னவோ சொன்னாங்க. ஆர்லெத்தோ என்னமோ."

என் வாயில் வந்த பேச்சை எழுத முடியாது. வேன்காரர் ஓரடி பின்னால் போனார். அவரிடமே போனை நீட்டி, பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரே ஒரு படம் எடுத்தார். அதற்குள் மேகம் எங்கள் மேலேயே வந்துவிட்டது. அவ்வளவு சிரமப்பட்டு ஏறிய மலையிலிருந்து வந்த வழியே இறங்கினேன்.

நேரோனில் அவர்கள் என்னைக் கண்டதும் முதலில் கட்டிப்பிடிப்பார்கள் போலிருந்தது. நான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் எல்லார் முகமும் மாறியது.

"மேல இருந்தா வர்ற?" என்றான் ரெஜிஸ். "நாங்க இங்க காலையிலேர்ந்து உனக்காகத் தவம் கிடக்கோம்! நதேஜ் சலேர் வரைக்கும் திரும்பிப் போய்த் தேடிட்டு வந்தா! ஒவ்வொரு பள்ளமா எட்டிப் பாத்திருக்கா பாவம்!"

"நான் மேல போறேன்னு உன்கிட்ட சொன்னேன்ல?"

"எப்போ சொன்ன? எனக்கு எப்படித் தெரியும்? துடைப்பம் வராம நகரக் கூடாது, அதான் விதி. நாங்க விதிப்படி நின்னோம்!"

"நேத்து நீதானே நெஞ்சில கை வச்சு சொன்ன, நான்தான் துடைப்பம்னு!"

"அது... சாப்பாட்டு மேசையில சொன்னது." உண்மையிலேயே மறந்திருந்தான். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

நான் ஃபெர்னானைப் பார்த்தேன். "ஏன் பெருசு, உங்களுக்குப் பின்னால நான் வரலைன்னு உங்களுக்குக் கூடவா தெரியல?"

அவர் பாவம் போல ஹெல்மெட்டைச் சொறிந்தார். "நான் பின்னால திரும்பிப் பாத்ததே இல்லையேம்மா. நீ இருப்பேங்கிற நம்பிக்கைதான்."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ரெஜிஸ் வானத்தைப் பார்த்தான். இனி மேலே ஏறினால் இடியில் மாட்டிக்கொள்வோம், பெய்ரோல் இந்த வருஷம் இல்லை, கீழே லெ ஃபல்கூ ஊர் வழியாகப் பள்ளத்தாக்கில் சுற்றிப் போவோம் என்றான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "ஒருத்தராலே எல்லாருக்கும் போச்சு" என்று யாரோ சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது. ரெஜிஸ் மழைக்கோட்டுக்காகத் தன் முன்பையைத் திறந்து வெடுக்கென்று இழுத்தான். கோட்டோடு சேர்ந்து ஆரஞ்சு மேலங்கியும் வந்து அவன் காலடியில் விழுந்தது.

எல்லோரும் அதையே பார்த்தார்கள். "இது காலையிலேர்ந்து உன் பையிலயா இருந்துச்சு, ரெஜிஸ்?" என்று நதேஜ் மட்டும் மெதுவாகக் கேட்டாள். அவன் குனிந்து அதை எடுத்தான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அவனும் கேட்கத்தான் நினைத்திருப்பான். ஆனால் பழகிய கை அதுபாட்டுக்கு என் பக்கம் நீண்டது.

"சரி விடு. இந்தா, இறக்கத்துக்காவது போட்டுக்கோ. யாராவது கடைசியா வரணுமில்ல?"

நான் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஃபெர்னானிடம் கற்றுக்கொண்டதுதான்.

மழையில் லெ ஃபல்கூ வரை தனியாக இறங்கினேன். அங்கே ஒரு காபிக்கடையின் கூடாரத் துணிக்கு அடியில் உட்கார்ந்து, காலுறையைப் பிழிந்து காயப்போட்டு, பெரிய கோப்பையில் காபி குடித்தேன். நதேஜ் வந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சூடாக எதையாவது வாங்கிக் குடித்தார்கள். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஃபெர்னான் இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருபவர். நடுவில் மரத்தடியில் ஒதுங்கிய மாடுகளையும் விசாரித்திருக்கிறார். எங்கள் கோப்பைகள் காய்ந்த பிறகுதான் வந்தார்.

அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி ரெஜிஸ் வந்தான். ஆரஞ்சு மேலங்கி அவன் வயிற்றில் ஒட்டியிருந்தது, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றினான். கடைக்குள் இருந்த காபி இயந்திரத்தைத்தான் அவன் கண் முதலில் தேடியது.

நான் எழுந்து ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டேன்.

"வந்தாச்சா ரெஜிஸ்? சரி, கிளம்பலாம்."

அவனுடைய இன்னொரு கால் இன்னும் பெடலில்தான் இருந்தது. நதேஜ் சைக்கிளை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். காத்திருப்பு முடிந்துவிட்டது, விதிப்படி.

பனிக்காலத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. சுவரில் இந்த வருஷத்துக்கான ஆணி காலியாக இருந்தது. எந்த வருஷத்து ஆணியும் இதுவரை காலியாக இருந்ததே கிடையாது. படம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சங்கப் படம் என்றால் சங்கம் இருக்க வேண்டாமா என்று ரெஜிஸ் கொஞ்ச நேரம் முனகினான். பிறகு அவனே ஏணி போட்டு மாட்டினான்.

மேகத்துக்குள் ஒரு பலகை, பக்கத்தில் பச்சைச் சட்டையில் நான் மட்டும். அதிலும் முகம் நேராக இல்லை. வேன்காரர் பொத்தானை அழுத்திய நொடியில் கழுத்தைத் திருப்பிவிட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் ஆசைப்பட்டு நின்ற ஒரே படத்திலும் ஒழுங்காக நிற்கத் தெரியவில்லை என்று எனக்கு என் மேலேயே எரிச்சல்.

ஃபெர்னான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா பாக்கற? அந்தப் பக்கம் வெறும் ரோடுதானே இருக்கு?"

"உங்களைத்தான் பாத்தேன்," என்றேன். "வர்றீங்களான்னு."