ஈரம் படக்கூடாத வெள்ளி

குளத்துக்கு அப்பாலிருந்து அடுத்த காசின் ஓசை வரும்வரை மியென் அப்பாவின் கழுத்தைத் துடைக்காமல் நின்றாள். ணிங் என்று வந்தது. நல்ல வெள்ளி. துணியை வாசனை இலை போட்டுக் காய்ச்சிய நீரில் மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

விடிந்ததிலிருந்து ஊர் மண்டபத்தில் தலைவரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரனுக்கு வரி வெள்ளிப் பியாஸ்தர் காசாகத்தான் வேண்டும். போன வருடம் இந்த வட்டாரத்திலிருந்து போன மூட்டையில் கள்ளக்காசு இருந்ததாம். அதனால் இந்த முறை மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா, கல்பலகை ஒன்றோடும் இரண்டு சிப்பாய்களோடும் வந்திருந்தான். ஒவ்வொரு காசையும் கல்லில் போட்டுக் காது கொடுத்தான். காலையில் ஒரு காசு டொக் என்றது. அதன் பிறகு வெகுநேரம் ஓசையே இல்லை. அந்த நேரத்தில்தான் அப்பாவின் மூச்சு நின்றது. இரண்டு மௌனங்களில் எதை முதலில் கேட்டோம் என்று மியெனுக்குத் தெரியவில்லை.

"மீன்கார லூவைத் தூண்லே கட்டி வெச்சிருக்காங்க," என்றாள் பெரியத்தை. அப்பாவின் அக்கா. அடுத்த ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "யாரு குடுத்த காசுன்னு கேக்குறாங்களாம். அந்தக் கிறுக்கனுக்கு நேத்து யாருகிட்ட மீன் வித்தோம்கிறதே ஞாபகம் இருக்காது."

மியென் துணியை மறுபடி நீரில் முக்கினாள். லூவிடம் மீன் வாங்கியது அவள் கணவன் ஹாவ். வாசலில் அவன் சவப்பெட்டிப் பலகையை இழைக்கும் சத்தம் நின்று நின்று வந்தது. அந்தக் காசுக்கு ஈயமும் தகரமும் உருக்கியது அப்பா. அச்சில் ஊற்றும்போது கரண்டி பிடித்தது மியென். சந்தையில் மாற்றியது ஹாவ். லூவுக்கு ஞாபகம் வந்துவிட்டால் அவளும் ஹாவும் கொன் லொன் சிறைத் தீவுக்குப் போக வேண்டியதுதான். அங்கே போனவர்கள் யாரும் இந்த ஊருக்குத் திரும்பியதில்லை.

அச்சுகளையும் மிச்சக் காசுகளையும் நேற்றே குளத்தில் போட்டாகிவிட்டது.

பெரியத்தை கழுவிய அரிசிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். இறந்தவர் வாயில் இடும் அரிசி. அதன் மேல் வெள்ளையாக ஒன்று மின்னியது.

"அது எங்கே இருந்துச்சு அத்தை?"

"உங்கப்பன் வெத்திலைப் பையிலே. பாத்தியா, உனக்கே தெரியாம ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கான்."

அப்பா செய்ததிலேயே நேர்த்தியானது அது. உருக்கிவிடு என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள்.

"ஓட்டைத் துத்தநாகக் காசு போதும் அத்தை. எல்லாரும் அதைத்தானே போடுறாங்க."

"என் தம்பி அந்தக் கரைக்குக் கூட்டிப் போற ஓடக்காரன்கிட்ட துத்தநாகத்தை நீட்டணுமா? நடுவாத்துலே எறக்கி விட்டுருவான். நீ உன் கஞ்சத்தனத்தை உன் புருஷன்கிட்ட வெச்சுக்கோ."

வெள்ளி மேல்பூச்சு மெல்லியது; ஈரம் பட்டால் கரைந்து உள்ளே இருக்கும் ஈயம் தெரிந்துவிடும். ஈரம் காட்டாதே என்பதுதான் அப்பா கற்பித்த ஒரே விதி. அரிசியிலிருந்து நீர் கசிந்து காசின் விளிம்பில் நின்றது. மியென் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளத்துக்கு அப்பால் ஓசை நின்றுபோய் எவ்வளவு நேரமாயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் செருப்புகள் தரையில் தேயும் ஓசை கேட்டது. ஊர்த்தலைவர் கியென் உள்ளே வந்து மூன்று தடவை குனிந்து வணங்கினார். பின்னால் வந்த குமாஸ்தாவுக்கு முப்பது வயது இருக்கும். கக்கத்தில் கல்பலகை இருந்தது. அவனும் வணங்கினான். நிமிரும்போது அவன் பார்வை கிண்ணத்தில் விழுந்தது.

"வெள்ளியா?" என்றான்.

"பின்னே?" என்றாள் பெரியத்தை.

"தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு இந்த ஊருலே எல்லா வெள்ளியையும் தட்டிப் பாக்கணும்னு உத்தரவு. ஒரு தட்டு. உடனே குடுத்துடுறேன்."

"உசிரோட இருக்கறவன்கிட்ட வாங்கினது பத்தலையா? பொணத்துகிட்டயும் வரிக்கு நிக்கிறியே."

அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கல்லைத் தரையில் வைத்து ஒரு முழங்காலில் உட்கார்ந்தான்.

வாயில் காசு இடுவது மூத்த மகன். மகன் இல்லாத வீட்டில் மருமகன். பெரியத்தை, "ஹாவ், கையைக் கழுவிட்டு வா," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். இழைப்புளிச் சத்தம் நின்றது. குமாஸ்தாவின் கை கிண்ணத்தை நோக்கி நீண்டது.

மியென் காசை எடுத்தாள். அரிசியோடு சேர்த்து எடுத்தாள். அப்பாவின் தாடையைக் கட்டைவிரலால் தாழ்த்தி, கறுப்புச் சாயமேறிய பற்களுக்குள் அதைத் தள்ளி வாயை மூடினாள். மூடிய கையை எடுக்கவில்லை.

ஒரு பெண் செய்யக்கூடாததைச் செய்துவிட்டாள். பெரியத்தையின் வாய் திறந்தபடி இருந்தது. ஈரக் கையோடு வந்த ஹாவ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். போன வருட மூட்டையைக் கட்டி அனுப்பியவர் அவர். மியென் அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கேயும் வியர்த்திருந்தது.

"மூடின வாயைத் தொறக்கக் கூடாது தம்பி," என்றார். "மூணு வருஷம் கழிச்சு எலும்பைத் தோண்டிக் கழுவிப் பானையிலே வைப்போமில்ல, அப்ப வா. ஆசை தீரத் தட்டிப் பாரு."

பெரியத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். ஹாவும் சிரிக்க முயன்றான்.

குமாஸ்தா எழுந்து கல்லைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தான். பென்சில் நுனியை நாக்கில் தொட்டான்.

"எந்த மாசம் தோண்டுவீங்க?"

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"குளிர் மாசத்துலே," என்றார் பிறகு.

அவன் எழுதினான். இறந்தவரின் பெயரைக் கேட்டு அதையும் எழுதினான். மறுபடி வணங்கிவிட்டுப் போனான்.

பெரியத்தை திட்டத் தொடங்கினாள். மியென் வெள்ளைத் துணியால் அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டினாள். முடிச்சை இறுக்கும்போதுதான் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ரேகைகளில் ஈயத்தின் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. துக்கச் சட்டையின் ஓரத்தில் அதைத் துடைத்தாள். ஓரம் மடித்துத் தைக்காத முரட்டு வெள்ளைத் துணி அது. துடைத்த சாம்பல் கோடு அதில் அப்படியே நின்றது. அந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்து, மடிப்பு விரியாமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குளத்துக்கு அப்பால் மறுபடி காசு விழத் தொடங்கியது.