நோயாளி அசைந்தார்

ஒருவர் பொய் சொல்கிறாரா இல்லையா என்பதை மேசையில் படுக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறேன். லீவுக்காக முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் பார்த்துச் சலித்தாயிற்று. அதனால், "உன் மாமா மேல எனக்குச் சந்தேகமா இருக்குடா" என்று அக்கா போனில் அழுதபோது, முழுக்கக் கேட்கும் முன்பே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

மாமா என்றால் அக்காவின் கணவர். தபால்காரர். சில மாதங்களாக ஆறு மணிக்கு வர வேண்டிய மனிதர் எட்டு, ஒன்பது என்று வருகிறார். கேட்டால் வேலை அதிகம் என்கிறார். தபால் நிலையத்தில் விசாரித்தால், ஐந்துக்கே பையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார் என்கிறார்கள். ஒருநாள் மகளைப் பள்ளி வாசலில் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்கூட்டர்லருந்து விழுந்தாரே, அதனால இருக்குமோ?"

"அந்த ஸ்கேனை எடுத்ததே நான்தானேக்கா. தலை சுத்தமா இருக்கு, ஒரு கீறல் இல்ல. இது தலை சமாச்சாரம் இல்ல, வேற சமாச்சாரம்."

அக்கா, ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மாமாவின் பின்னாலேயே போனேன். பையை ஒப்படைத்தவர் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் நடந்தார். ஒரு நாற்சந்தியில் பத்து நிமிடம் நின்றார். பிறகு சலவைக் கடைக்குள் நுழைந்தார். கவுன்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும், தினமும் வருகிறவரைப் பார்ப்பது போலச் சிரித்தாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவரோடு தெருமுனைவரை நடந்து வந்தாள். மாட்டினார் என்று பாய்ந்தேன்.

"யாரு மாமா அந்தம்மா?"

மாமாவின் முகம் வெளிறிப்போனது. "வழி கேட்டேன் மாப்ளே."

"எங்க போறதுக்கு?"

"வீட்டுக்கு."

பத்தொன்பது வருடம் இந்த ஊரின் கதவுகளை எல்லாம் தட்டிய தபால்காரர் வழி கேட்டாராம்! காதில் பூச்சுற்ற வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "அப்படியா? அப்ப நாளைக்கே வாங்க, இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாம். மெஷின் பொய் சொல்லாது" என்றேன். பயந்து பின்வாங்குவார் என்று நினைத்தேன். அவரோ, "எடுத்துடு மாப்ளே, எனக்கே பயமா இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல நடிகர் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மறுநாள் தலை ஸ்கேன் படிக்கும் டாக்டரம்மாவிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். உள்ளே போகும் முன் சட்டைப் பையைக் காலி செய்யச் சொன்னால், சில்லறையோடு துண்டுச் சீட்டுகளும் வந்தன. மருந்துக்கடை தாண்டி இடது, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மூன்றாவது மாடி. எல்லாம் அவர் கையெழுத்து. எந்த வீட்டுக்கு என்று பார்த்தேன். அக்கா வீட்டுக்கு! நடிப்பதென்று வந்துவிட்டால் சீட்டெல்லாம் தயாராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா எழுதிய பட்டியலில் ஒன்று விடாமல் எடுத்தேன். கடைசியில் இருப்பது ஏழு நிமிடம் பிடிக்கும் ஒரு படவரிசை. மூளைக்குள் எப்போதோ கசிந்து காய்ந்த ரத்தம் கடுகளவு இருந்தாலும் அதில் கறுப்பாகத் தெரியும். மற்ற படங்களில் தப்பிவிடும். மாமா சிலை போலக் கிடந்தார். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. முன்பக்கத்தில் ஒரு புள்ளி. கீழே இரண்டு. பக்கவாட்டில் இன்னும் நான்கு. எண்ணி முடித்தபோது ஏழு.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "விழுந்த அதிர்ச்சியில கசிஞ்சது. வழி தவறுறது, கோபம், மறதி எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா பொருந்துது. அப்பவே தெரிஞ்சிருந்தா வேலைக்கு விட்டிருக்க மாட்டேன். ஞாபகப் பயிற்சியும் ஆரம்பிச்சிருக்கலாம்." பழைய ஸ்கேனைத் திறந்தார். "அன்னிக்கும் இந்த வரிசையைக் கேட்டிருந்தேனே? ஓ, நோயாளி அசைந்தார்னு போட்டிருக்கு. சரி, என்ன செய்ய முடியும்?"

எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. வெளியே கூட்டம் அதிகமானால் அந்தக் கடைசி ஏழு நிமிடத்தை வெட்டிவிடுவோம். யாரும் கேள்வி கேட்காமல் இருக்க, நோயாளி அசைந்தார் என்று ஒரு வரி எழுதுவோம். அன்று வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். சொந்த மாமாதானே, தலையில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தது இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. டாக்டரம்மாவிடம் நான் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் மாமாவை நானே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டி வைத்திருந்த பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினாள். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!" என்று அவர் தோளில் முட்டிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"போன தடவை ஏண்டா இது தெரியல?"

என் நாக்கு என்னை முந்திக்கொண்டது. "அன்னிக்கு மாமா கொஞ்சம் அசைஞ்சிட்டார். படம் சரியா வரல."

பத்தொன்பது வருடம் பார்த்த வேலையே கைநழுவிப் போகப்போகிற மனிதர், என்னைப் பார்த்துத் தலைகுனிந்தார். "அசைஞ்சிருப்பேன், எனக்குத்தான் ஞாபகம் இல்ல. உன் வேலையைக் கெடுத்துட்டேன் மாப்ளே, மன்னிச்சுக்கோ."

அதை என்னால் தாங்க முடியவில்லை. "நீங்க அசையல மாமா" என்றேன். "அன்னிக்குக் கூட்டம் அதிகம். நான்தான் அதை எடுக்கவே இல்ல. எடுக்காம, நீங்க அசைஞ்சதா எழுதிட்டேன்."

மாமா, தான் அசையவில்லை என்பதையே மெதுவாக நினைத்துப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அக்கா என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இவர் சுத்தம்னு சொன்ன, நம்பினேன். வேற சமாச்சாரம்னு சொன்ன, அதையும் நம்பி மூட்டை கட்டினேன்" என்றாள். "இப்ப சொல்ற இந்தப் புள்ளியையாவது வேற ஆள் யாராவது பாத்தாங்களா, இல்ல இதுவும் நீ எழுதுனதுதானா?"