கம்பளிச் சட்டையும் கரப்பானும்

1

இந்தக் கதை பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை மருத்துவரின் வாசலில் பிறந்தது. என் மகளுக்குக் கரப்பான். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து, வெடித்து, நீர் கசியும். காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. களிம்புக் கடை பெருகாத காலத்தில் இதே ஊரில் ஒரு தாய் இத்தனை காரணங்களை எப்படித் தாங்கியிருப்பாள் என்று யோசித்தேன். அவளுக்கு ஜெபகனி என்று பெயர் வைத்தேன். ஆண்டு 1909.

2

முதல் தொடக்கம்: தாமிரபரணி அன்று வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல்—

(வேண்டாம். இந்தக் கதையில் ஆறு, குளிப்பாட்டத் தண்ணீர் கொடுப்பதோடு சரி.)

இரண்டாம் தொடக்கம்: ஜெபகனி கண்ணீர் மல்க—

(மல்கவில்லை. பிள்ளை சொறியாமலிருக்க அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுதால் துடைக்கக் கை இல்லை.)

3

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஜெபகனியின் கணவன் சத்தியநேசன் மிஷன் பள்ளியில் வாத்தியார். பிள்ளைக்குப் புண் ஆறட்டும் என்று ஞானஸ்நானம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சத்தியநேசனின் அக்காள் பியூலா, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று தாய்க்குப் பத்தியம் வைத்தாள். ஜெபகனி மெலிந்தாள். கரப்பான் மெலியவில்லை.

பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, சீமையிலிருந்து வந்த நூலில் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் கோயிலுக்கு அதைப் போட்டார்கள். சித்திரை வெயிலிலும் போட்டார்கள். தலைமை வாத்தியார் வேலைக்கு யாரை வைப்பது என்பது மிஸ்ஸியம்மாவின் கையில் இருந்தது.

ஒரு ஞாயிறு ஜெபகனி தலைவலி என்று பிள்ளையோடு வீட்டில் இருந்துகொண்டாள். அந்த வாரம் கழுத்துப் புண் வறண்டது.

“சட்டைதாங்க பிள்ளைய அறுக்குது,” என்றாள்.

“அவங்க ஆசையாப் பின்னுனது. வேண்டாம்னு எப்படிச் சொல்லுதது?” என்றான்.

“பிள்ளைக்கும் சொல்லத் தெரியல. அதான் சொறியுது.”

4

(சத்தியநேசனை முதலில் கோழையாகவே எழுதினேன். பிறகு அவன் பிள்ளையின் நகம் வெட்டுவதைப் பார்த்தேன். கத்தரிக்கோலுக்குப் பயந்து, ஒவ்வொரு நகத்தையும் தன் பல்லாலேயே நறுக்கித் துப்பிக்கொண்டிருந்தான். அதோடு “கோழை” என்ற சொல்லை அடித்துவிட்டேன். பயந்தவன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

5

ஞானஸ்நானத்தை இனியும் தள்ள முடியாது என்று ஒரு நாள் குறித்தார்கள். அன்று ஜெபகனி, கணவனின் நைந்த வேட்டியைக் கிழித்துத் தைத்த சட்டையைப் பிள்ளைக்குப் போட்டாள். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட துணி. பியூலா பார்த்தாள்.

“சபைக்கு முன்னால பழந்துணியிலயா கொண்டு போற?”

“ஆமா மைனி.”

எலிசபெத் என்று பெயரிட்டு முடிந்ததும் மிஸ்ஸியம்மா வாசலில் நின்று, “நான் கொடுத்த சட்டை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

“துவைச்சுப் போட்டிருக்கு, அம்மா. இன்னும் காயல,” என்றான் சத்தியநேசன். மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது.

ஜெபகனி பிள்ளையின் கையை விரித்துக் காட்டினாள். மடிப்பில் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. “கம்பளி பட்டா கூடுது, அம்மா,” என்றாள்.

மிஸ்ஸியம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். தொட விரலை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

“இத்தனை மாதமும் ஏன் ஒருவரும் எனக்கு அறிவிக்கவில்லை?”

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துபோனார். கோபமா, வெட்கமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

6

முடிவு ஒன்று: சத்தியநேசன் தலைமை வாத்தியார் ஆனான்.

முடிவு இரண்டு: கொற்கைப் பக்கம் ஓர் ஓலைப் பள்ளிக்கு மாற்றினார்கள், அங்கே உப்புக்காற்று பிள்ளைக்கு—

(உப்புக்காற்று ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியாது.)

முடிவு மூன்று: சட்டை போயிற்று, கரப்பானும் போயிற்று. இதை எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கரப்பான் அப்படிப் போகிற நோய் இல்லை. வரும், தணியும், மறுபடி வரும். பிள்ளை வளர வளர விட்டாலும் விடும். சத்தியநேசனின் வேலை என்னவாயிற்று என்பதையும் நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஐப்பசி வரை எலிசபெத்தின் தோல் நன்றாக இருந்தது. ஜெபகனி பத்தியத்தை விட்டு வயிறாரச் சாப்பிட்டாள். மார்கழிப் பனியில் ஒரு காலை இரண்டு கன்னமும் மறுபடி சிவந்திருந்தன. கம்பளி இல்லை. அந்த வாரம் கருவாடும் இல்லை. ஜெபகனி வெதுவெதுப்பான தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள்.

சத்தியநேசன் பக்கத்தில் வந்து நின்றான்.

“இப்ப என்ன காரணம்ளா?”

“காரணம் தெரியலங்க,” என்றாள் ஜெபகனி. “ஈரம் காயுததுக்குள்ள அந்தத் தேங்காயெண்ணெய எடுங்க.”