சீல் பிரிக்காத படம்

அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குக் கால் தரையில் நிற்கிற நேரம் குறைவுதான். ஆனால் அந்த வாரம் வீட்டிலும் நிற்கவில்லை. கூடத்தில் நடப்பார், கண்ணாடி அலமாரி முன்னால் நிற்பார், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், மறுபடி நடப்பார்.

"கொஞ்சம் உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனைவி.

அலமாரியில் இருந்தவை எல்லாம் சினிமா டிஸ்குகள். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள், தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாங்காத படங்கள், விழாக்களில் பரிசு வாங்கிவிட்டு வெளியே யாரும் சீந்தாத படங்கள். நாயாய் அலைந்து வாங்கியவர் அவற்றில் ஒன்றையாவது பார்த்திருக்கிறாரா என்றால், இல்லை. மேலே சீலாகச் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளைப் பிரித்தால் மதிப்பு போயிற்று என்பது சேகரிக்கிறவர்களின் வேதம். ரிட்டையர் ஆனதும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கால்நீட்டி உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். மைத்துனர் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சீல் மாமா. மனுஷர் அதையும் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

வினை வந்தது பெருமையால். சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுவில், தன்னிடம் இருந்த அரிய டிஸ்க் ஒன்றின் அட்டையைப் படம்பிடித்துப் போட்டார். வந்த சுவடு தெரியாமல் போய், மூலப் பிரதிகூட மிஞ்சாத படம். மறுநாளே ஒரு பெண் போன் செய்தாள். பள்ளிக்கூட ஆசிரியை.

"அந்தப் படத்துல நடிச்சது எங்க அம்மாங்க. அந்த ஒரு படம்தான். நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. போட்டோ இருக்கு. ஆனா அவங்க குரல நான் கேட்டதே இல்லைங்க."

அவர் உருகிப்போனார். "ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, போட்டுக் காட்டறேன்," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. சீலைப் பிரிக்க வேண்டுமே! அதுவாவது ஒரு பக்கம். அதே குழுவில் எவனோ ஒருவன் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தான். அந்த டிஸ்கைத் தயாரித்த ஆலையில் அடித்தவை எல்லாம், பிரிக்காமல் வைத்திருந்தாலும், உள்ளுக்குள்ளேயே பழுப்பேறிச் செத்துப்போகின்றனவாம். உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிளேடை எடுப்பார், வைப்பார். அந்தப் பெண் வரட்டும், அவள் கண்முன்னால் பிரிப்பதுதான் மரியாதை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆசிரியை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். அவர் கண்ணாடித்தாளைக் கீறினார். லேசாக சோப்பு வாசனை அடித்தது. அந்தப் பதற்றத்தில் அதை யார் கவனித்தது? மூடியைத் திறந்தால், டிஸ்கின் விளிம்பெல்லாம் டீக்கறை போலப் பழுப்பு. பிளேயரில் போட்டார். சுற்றியது, முனகியது, வெளியே துப்பியது. துணியால் துடைத்துப் போட்டார். மறுபடியும் துப்பியது.

"இருங்கம்மா, சில சமயம் இப்படித்தான் மக்கர் பண்ணும்..." அவர் இன்னொரு முறை துடைத்தார்.

"பரவாயில்லைங்க," என்றாள் ஆசிரியை. பரவாயில்லை என்று சொல்கிற முகமா அது!

"நான் பாத்தப்போ நல்லாத்தான் ஓடிச்சு."

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவர் மெல்லத் திரும்பினார்.

"நீ எப்போ பாத்தே?"

"எனக்கு லீவு நாள்ல, நீங்க வேலைக்குப் போனப்புறம். இது மட்டுமா? ஒண்ணு விடாம பாத்தேன். கடைசியாப் பாத்தது இதுதான். அப்புறம்தான் நீங்க பூட்டு போட்டுட்டீங்களே."

அவள் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கண்ணாடித்தாளைச் சுற்றி, சூடு காட்டி, சுருக்கமே இல்லாமல் ஒட்டவைப்பது அவளுக்குக் கைவந்த கலை. மூலையைத் தடவியே அசல் சீலா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று குழுவில் மார்தட்டியவர், இத்தனை காலம் பெண்டாட்டி ஒட்டிய சீலைத்தான் துடைத்துத் துடைத்துக் காவல் காத்திருக்கிறார். அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறந்தார்.

அதற்குள் ஆசிரியை எழுந்து மனைவியிடம் போய்விட்டாள். "அக்கா, எங்கம்மா எப்படிப் பேசுவாங்க?"

மனைவி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "படபடன்னு பேசுவாங்கம்மா. மூச்சே விடமாட்டாங்க. குரல் கொஞ்சம் கட்டினாப்பல இருக்கும். கோவம் வந்தா கத்த மாட்டாங்க. கையில இருக்கறதக் கீழ வெச்சுட்டு, இடுப்புல கைய வெச்சு நிப்பாங்க. இந்தா, இப்படி." எழுந்து நின்று காட்டினாள். ஆசிரியை சிரித்தாள்; சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

அவர் செத்த டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கத்த வேண்டும் என்று இருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? இத்தனை வருஷம் தன் அலமாரியிலேயே இருந்த கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். கதை நன்றாகவும் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஓசைப்படாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரும் உட்கார்ந்தார்.

"கடைசியில வீட்டக் காலி பண்றாங்க," என்றாள் மனைவி. "சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. அந்த வெத்து ரூம்ல உங்கம்மா மட்டும் நிக்கறாங்க. கையில குழந்தை. அப்படியே தரையில உக்காந்து அத மடியில போட்டுக்கிட்டுப் பாட ஆரம்பிக்கறாங்க. வாத்தியம் ஒண்ணும் கிடையாது. அவங்க குரல் மட்டும்தான்."

"என்ன பாட்டுக்கா?"

மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள். கணவரைப் பார்க்கவில்லை.

"முதல்ல சும்மா முனகினாங்கம்மா. தாலாட்டு மாதிரி. வார்த்தை வர்றதுக்குள்ள எங்க வீட்டு வாசல்ல ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சு. நிறுத்திட்டேன்."

"ஏன்க்கா?"

"அன்னிக்குன்னு பாத்து இவர் சீக்கிரம் வந்துட்டார்."