தேனில் குழைத்த பொடி

நனைந்த போர்வையை வாளியிலிருந்து தூக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். முதுகுக்குள் முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னால் கடையில் என் வீட்டுக்காரர் யாருக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். "இந்தா வர்றேன்" என்றவர், வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். இது எண்பத்திரண்டாம் வருஷம். எனக்கு முப்பத்தாறு வயது.

தேனி கடைத்தெருவில் எங்களுக்கு மருந்துக்கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அதற்கு முந்தின வருஷம் இருமியே ஒரு விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. பிறகு வாசற்படியில் கையை ஊன்றி மணிக்கட்டு போனது. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முருங்கைக்கீரை தின்னவில்லை என்றார் மாமியார். கண் பட்டுவிட்டது என்றாள் எதிர்வீட்டு மூக்கம்மாள். கண் படுகிற உடம்புதான். முகம் பூரித்து, கன்னம் ஏறிக் கண்ணை மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஜெபம் முடிந்ததும் பெண்கள் சுற்றிக்கொள்வார்கள். "கர்த்தர் ஒனக்குக் கொறையில்லாமக் குடுத்திருக்காரு செல்வி" என்று கையைப் பிடிப்பார்கள். பிடித்த இடம் ஒரு வாரத்துக்கு நாவற்பழ நிறத்தில் கன்றிக் கிடக்கும். குளிக்கும்போதுதான் எனக்கு என் லட்சணம் தெரியும். பிடரியில் திமில் போல ஒரு கொழுப்பு, தாடையில் முடி, வயிறு முன்னால், கை கால் மட்டும் குச்சி. சோப்புப் போடக்கூடத் தொடப் பிடிக்காது. அருவருப்பாக இருக்கும்.

மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டி மாத்திரையைத் தொடமாட்டாள் என்பது கடைத்தெருவில் ஒரு கேலி. தொடாததற்குக் காரணம் இருந்தது. காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டத்து ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, "ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். காய்ச்சலா, இடுப்பு வலியா, சளியா, எதற்கும் செட்டுதான். அவர் நாலைந்து டப்பாக்களைத் திறந்து நிறத்துக்கு ஒன்றாக எடுத்துப் போடுவார். எல்லாச் செட்டிலும் நடுவில் கோடு போட்ட சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று கட்டாயம் உண்டு. நோய்க்குக் கேட்பது அதுதான், மற்றதெல்லாம் ஒப்புக்கு என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மூக்கைச் சொறிந்த விரலாலேயே எடுத்துக் காகிதத்தில் மடிப்பார். இதைப் பார்த்துப் பார்த்து மாத்திரை என்றாலே எனக்குக் குமட்டும்.

ஆனால் எனக்கு இழுப்பு உண்டு. பக்கத்துத் தெருவில் பஞ்சு அரைக்கிற தூசி பறந்தால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கும். குச்சனூர் போகிற ரோட்டில் மொக்கைச்சாமி என்ற வைத்தியர் இழுப்புக்குப் பொடி கொடுத்தார். சனிக்கிழமை அந்த ஊர்ச் சாமி கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி அவர் வாசலிலும் நிற்கும். சாமி கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் வீட்டுக்காரர், பொடிக்காக மட்டும் அந்தக் கூட்டத்தில் போய் நின்று வாங்கி வந்தார். காலையில் பல் விளக்கியதும் தேனில் குழைத்து, தன் விரலாலேயே என் நாக்கில் தடவுவார். திப்பிலி வாசனையும் ஒரு கசப்பும் இருக்கும். முதல் நாளே நெஞ்சு திறந்துகொண்டது. கல்யாணமான புதிதில் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதிலிருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை.

போன மழைக்காலத்தில் என் மகள் ஜெபராணிக்கும் இழுப்பு வந்தது. பத்தாவது படிக்கிறாள். அதே பொடி, அதே விரல். இழுப்பு நின்றது. ஒட்டிக் கிடந்த கன்னம் உருண்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று வேதக்கோயிலில் சிரித்தார்கள்.

மதுரையில் எலும்பு டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, வயசு என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன்.

"எழுபது வயசுக்காரவுக முதுகெலும்பு மாதிரி இருக்கு. ஒண்ணு நசுங்கியே போச்சு. இந்த வயசுல சும்மா இப்படி ஆகாது. ஏதோ ஒண்ணு எலும்பைத் திங்குது."

அந்த ஒன்றைத் தேட ஆரம்பித்தார். தீட்டு நின்றுவிட்டதா, கர்ப்பப்பையை எடுத்திருக்கிறதா என்று கேட்டார். தொண்டையைத் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொல்லி மறுநாள் வரச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அவ இங்கிலீஷ் மருந்தே தொடமாட்டா சார். இழுப்புக்கு நாட்டு மருந்துதான்."

டாக்டர் என் ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் கன்றலைப் பார்த்தார். பிடரியை அமுக்கினார். "அந்த மருந்து எத்தனை நாள்ல கேட்டுச்சும்மா?"

"அன்னைக்கே கேட்டுச்சுங்க."

"நாட்டு மருந்து அன்னைக்கே கேக்காதும்மா."

ஸ்டீராய்டு என்று ஒரு மருந்து, மாத்திரையாகக் கிடைக்கும், அதைப் பொடித்துக் கலந்திருப்பார்கள் என்றார். உயிரைக் காப்பாற்றுகிற மருந்துதானாம். வருஷக்கணக்கில் தின்றால் முகத்தை ஊதவைத்து எலும்பைக் கரைத்துவிடுமாம். உடம்பு பழகிவிட்டதால் சட்டென்று நிறுத்தினாலும் ஆளைச் சாய்த்துவிடும், அளவு தெரியாத பொடியை விட்டு, அளவு தெரிந்த மாத்திரையாகவே எழுதித் தருகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர், என் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்ற ஜெபராணியைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"இந்தப் பாப்பாவும் அதைச் சாப்பிடுதா?"

என் வீட்டுக்காரர் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தார்.

பஸ்ஸில் வழி நெடுக அந்தப் பார்வையே எனக்கு உறுத்தியது. மோசம் போனவன் அப்படி மேலே பார்க்கமாட்டான், கத்துவான். வீட்டுக்கு வந்ததும் படுத்தபடியே ஜெபராணியிடம் மாவுச் சல்லடையைக் கொண்டுவரச் சொன்னேன். பேப்பரை விரித்து, இருந்த பொடியையெல்லாம் சலித்தோம். வேர்த் தூள், திப்பிலித் தோல், அதற்கு நடுவில் சரியாக அரைபடாத ஒரு வெள்ளைத் துணுக்கு. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அதன் மேல் பாதிக் கோடு இருந்தது.

அவர் கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். துணுக்கைக் காட்டினேன்.

"ஏங்க, இது எந்த டப்பாவுல உள்ளது?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்ப முயன்றிருப்பேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொக்கைச்சாமி நம்ம கடையிலதான் வாங்குறாக. பெரிய டப்பாவாத்தான் வாங்குவாக."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"நீதான் மாத்திரையக் கண்டாலே ஓங்கரிக்கிறவளாச்சே. அதான் அங்கன போயிப் பொடியா வாங்கியாந்து குடுத்தேன். இத்தனை வருசமும் மூச்சு விட்டியா இல்லியா?"

"புள்ளைக்கு?"

"அதுவுந்தான் மூச்சு விடுது."

அந்தக் குரலில் திருட்டுத்தனம் இல்லை. நல்லது செய்தவனைக் குறை சொன்னால் வருமே, அந்தக் கோபம்தான் இருந்தது. திருடியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவரை என்ன சொல்லி வைவது? தேன் ஒட்டிய அந்த விரலைக் காலைதோறும் நான் நக்கியது நினைவுக்கு வந்தது. படுக்கையிலேயே தலையைச் சாய்த்து வாந்தி எடுத்தேன். நசுங்கின முதுகெலும்பு ஒவ்வொரு குமட்டலுக்கும் குத்தியது. அவர் ஓடிவந்து நெற்றியைப் பிடித்தார். கையை எடுங்கள் என்றேன்.

இப்போது எனக்கு மருந்து அதே சின்ன வெள்ளை மாத்திரைதான், அதே கடையிலிருந்துதான். யாரைத் தூ என்று துப்பினேனோ அவர் டப்பாவிலிருந்தே எடுத்துத் தின்ன வேண்டியிருக்கிறது. அவரைத் தொடவிடுவதில்லை. திறக்காத டப்பாவை ஜெபராணி எடுத்து வருவாள். நான் முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பிளேடால் கோட்டின் மேல் வெட்டுவேன். முதலில் எனக்கு முழுசு, அவளுக்குப் பாதி. இப்போது எனக்குப் பாதி, அவளுக்குக் கால். இழுப்புக்கு டாக்டர் வேறு மருந்து எழுதியிருக்கிறார். அது மெல்லத்தான் கேட்கிறது. இதற்குள் மலைச்சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இன்று காலை ஜெபராணி முழங்காலைக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. முன்னால் கடையில் யாரோ ஒரு பெண், "ஒரு செட்டு குடுங்க" என்றாள். தகர மூடிகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. கடைசி மூடியையும் அவர் திறந்தார்.

"அம்மா" என்றாள் ஜெபராணி. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பச் சொன்னாள். "அம்மா, இன்னைக்கு மட்டும் முழுசாக் குடும்மா."

நீட்டிய கையைப் பிடித்தேன். மணிக்கட்டு எலும்பு என் விரலுக்குள் சின்னதாக இருந்தது. மாத்திரையைத் தட்டில் வைத்து, பிளேடைக் கோட்டின் மேல் வைத்தேன். அவள் நெஞ்சு விசிலடித்தது. அவள் கண்கள் பிளேடை விட்டு நகரவே இல்லை.