பதினோராவது குழாய்

பிலோமின்ராஜின் கார் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர் அவர். போன வருடம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை கால் லேசாக இழுத்துக்கொண்டு, பிறகு சரியாகிவிட்டது. கார் டர்போ வைத்தது. ஓடினால் பறக்கும், நின்றால் எஞ்சின் விக்கும். எண்பத்தாறாம் வருடச் சித்திரை வெயிலில் அது கோட்டுச்சேரி சாலை மெக்கானிக் இஞ்ஞாசியின் தலையில் வந்து விடிந்தது.

பானட்டைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் ரப்பர் குழாய்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில் வேலை செய்கிறவை. உப்புக்காற்றில் வெடித்துப்போய், வெளிக்காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தன. புதுக் குழாய்க்கு எங்கே போவது? இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்று தோன்றியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாயை ரப்பர் மூடியால் அடைத்துக்கொண்டே வந்தான். இரண்டு நாளில் பத்துக் குழாய் போயிற்று. விக்கல் பாதிதான் நின்றது.

மூன்றாம் நாள் பதினோராவது. பிரேக் டப்பாவுக்குப் போகிற தடித்த குழாய். அது இருந்தால் பெடல் லேசாக மிதித்தாலே இறங்கும், இல்லாவிட்டால் முழுப் பலத்தையும் வைத்து மிதிக்க வேண்டும். அதெல்லாம் அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் முதுகு விட்டுப்போயிருந்தது. அம்பாசடருக்கு இந்த டப்பாவா இருக்கிறது, ஊரெல்லாம் மிதித்து நிறுத்தவில்லையா என்று அதையும் அடைத்தான். எஞ்சின் சீராக நின்றது. திருவேட்டக்குடி வரை ஓட்டிப் பார்த்தான். அம்பாசடர் மிதித்துப் பழகிய காலுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். அவர் வந்து சாவியை வாங்கியபோது, வண்டி தொலைந்தால் போதும் என்றிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி சலோமி ஷெட்டுக்கு வந்தார்.

"வண்டிக்கு ஒரு ஆளப் பாருங்க தம்பி. வித்துடலாம்."

"ஏங்க, ஓடலையா?"

"வண்டிக்கு என்ன, நல்லாத்தான் ஓடுது. அவருக்குத்தான் கால் விழுந்துபோச்சு. உங்ககிட்டேருந்து எடுத்துட்டு வந்த மறுநாளே, கடைத்தெருவுல ஒரு பொம்பள குறுக்க வந்திருக்கா. இவரு மிதிக்கிறாராம், இறங்கவே இல்லையாம். ரெண்டு காலையும் வச்சு அழுத்தி, ஒரு முழம் விட்டு நின்னுச்சாம். திரும்பவும் இழுத்துக்கிச்சுன்னு பயந்து அன்னைக்குப் படுத்தவருதான். நானும் எந்திரிக்க விடல. ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட போறதில்ல."

இஞ்ஞாசிக்கு அந்தப் பதினோராவது குழாய் நினைவுக்கு வந்தது. வயசாயிடுச்சுல்ல என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. வண்டியை விற்றுக் கொடுத்துவிட்டால் அந்தச் சனியனும் கண்ணைவிட்டுப் போகும். அந்தப் பொய்யைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேங்க" என்றான்.

லாரிப் பிரேக்கின் தடித்த குழாயில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய், கட்டிலருகே நின்றான்.

"ஐயா, உங்க கால் கெடல. கெட்டது என் வேலை. பிரேக் குழாய அடைச்சுட்டு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

பெரியவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சலோமியும் இவனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரைக் காரில் உட்காரவைத்தார்கள். இஞ்ஞாசி மூடியைப் பிடுங்கிக் குழாயை மாட்டினான்.

"ஸ்டார்ட் பண்ணி மிதிங்க."

பெடல் இறங்கியது. இன்னொரு முறை மிதித்தார், இறங்கியது. மூன்றாம் முறை சிரித்தே விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. சலோமி, கால் நல்லாத்தான் இருக்கு. கைய விடு, நானே இறங்குறேன்."

இறங்கினார். இரண்டு மாதம் தரையில் பாவாத கால்கள் சதை வற்றி, வேட்டிக்குள் வெடவெடத்தன. ஒரு எட்டு வைத்தார். அடுத்த எட்டில் முழங்கால் மடங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இன்னும் போகாமல் இருந்ததுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

சலோமி இஞ்ஞாசியைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் தம்பி. கஞ்சிய வாயில ஊட்டி, கட்டில்லயே போட்டு வச்சிருந்தேன். அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

இஞ்ஞாசி குனிந்து பெரியவரைத் தூக்கினான். ஆள் கனமே இல்லை.